வாளி காணவில்லை: வேலூரில் சிரிக்காமல் ஒரு சிரிப்புப் படம் எடுப்பது எப்படி

எங்கள் ஊரைப் பற்றிப் பழைய சொலவடை ஒன்று உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. இன்னும் இரண்டு வரி இருக்கிறது. அதில் ஒன்றை வீட்டில் சொன்னால் ராத்திரி சோறு கிடைக்காது, விடுங்கள். ஜலகண்டேஸ்வரர் 1981இலேயே கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். சாமியும் இருக்கிறார், கூட்டமும் இருக்கிறது. ஆனாலும் சொலவடையைச் சொல்கிறவர்கள் யாரும் அந்த வரியை எடுப்பதில்லை. பஸ் நிலையத்தில் "ஆரணி, போளூர், திருவண்ணாமலை" என்று கூவுகிற கண்டக்டர் மாதிரி, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் வரிசையாகச் சொல்லி முடிப்பார்கள். கேட்கிறவன்தான் சிரிப்பான்.

இதற்குச் சினிமாக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் டெட்பேன். நகைச்சுவை நடந்துகொண்டிருக்கிறது என்பதே தெரியாத முகங்கள், அளந்து வைத்த மாதிரி ஃபிரேம், எண்ணி எடுத்த நிறங்கள், கதாநாயகன் என்று தனியாக ஒருவர் இல்லாமல் ஏழெட்டுப் பேர். போன கோடையில் நானும் நண்பர்கள் சிலரும் இப்படி ஒரு பதினோரு நிமிடப் படம் எடுத்தோம். ஒரு போன், ஒரு ஸ்டாண்ட், ஒரு நீல வாளி. புதிதாக எடுக்க நினைக்கிறவர்கள் நாங்கள் விழுந்த பள்ளத்தில் விழாமல் இருக்க இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு முகத்தைப் படம் பிடியுங்கள்

கதை எழுத உட்காரும் முன் அரை மணி நேரத்தில் முடிகிற ஒரு பயிற்சி. நூறு வருடத்துக்கு முன்னால் லெவ் குலெஷோவ் என்ற ரஷ்ய இயக்குநர் ஒரு நடிகரின் உணர்ச்சியற்ற முகத்தை எடுத்து, அதற்குப் பக்கத்தில் ஒருமுறை சூப் கிண்ணத்தையும், ஒருமுறை சவப்பெட்டியையும், ஒருமுறை ஒரு பெண்ணையும் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் பசி என்றார்கள், துக்கம் என்றார்கள், ஆசை என்றார்கள். முகம் மூன்றிலும் ஒன்றேதான்.

உங்கள் மாமாவை நாற்காலியில் உட்கார வைத்து, காமிராவைப் பார்க்கச் சொல்லி இருபது நொடி எடுங்கள். அப்புறம் ஒரு தட்டு ஆம்பூர் பிரியாணியைத் தனியாக எடுங்கள். கரண்ட் பில்லை எடுங்கள். மூடிக் கிடக்கும் ரயில்வே கேட்டை எடுங்கள். முகம், பிரியாணி, முகம். முகம், பில், முகம். ஒட்டிப் பாருங்கள். மாமா எதுவுமே செய்யவில்லை, ஆனால் வீடே சிரிக்கும். அப்போதே ஒன்று பிடிபட்டுவிடும்: முகம் எவ்வளவு குறைவாகச் செய்கிறதோ, பக்கத்தில் வைக்கிற பொருள் அவ்வளவு வேலை செய்யும்.

பஸ்டர் கீட்டன் சின்ன வயதில் அப்பா அம்மாவோடு மேடையில் விழுந்து புரண்டுகொண்டிருந்தபோதே, தான் சிரித்தால் கூட்டம் சிரிப்பதில்லை என்று கண்டுகொண்டார். 1928இல் வந்த ஸ்டீம்போட் பில் ஜூனியர் படத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுசாக அவர் மேல் சாய்ந்து விழும். திறந்திருந்த ஜன்னல் சரியாக அவர் நின்ற இடத்துக்கு வரும். அவர் அப்படியே நிற்பார். இந்தப் பக்கம் நமக்கு நாகேஷ் இருக்கிறார். 1994இல் மகளிர் மட்டும் படத்தில் அவர் பிணமாகவே நடித்தார். முகத்தை அசைக்காமல் சிரிக்க வைப்பதில் அதற்கு மேல் போக இடமில்லை.

கதை: சின்ன விஷயம், பெரிய விசாரணை

இந்த வகைப் படத்துக்குக் கதை கிடைக்காமல் தவிக்க வேண்டியதில்லை. யாருக்கும் நஷ்டமில்லாத ஒரு சின்ன விஷயத்தை எடுங்கள். அதை எல்லோரும் கொலைக் கேஸ் மாதிரி நடத்தட்டும்.

எங்களுக்குக் கதை கொடுத்தது சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ்கள். 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய இடம் இன்று ஒரு தனி ஊர். அதைச் சுற்றிச் சந்து சந்தாக லாட்ஜ். பலகைகளில் தமிழுக்குப் பக்கத்தில் வங்காளம், இந்தி. உள்ளே நோயாளியோடு வந்து வாரக்கணக்கில் தங்கும் சொந்தக்காரர்கள். காத்திருப்பதைத் தவிர அவர்களுக்கு வேலை இல்லை. காத்திருக்கிறவர்கள் நிறைந்த இடத்தில் ஒரு வாளி காணாமல் போனால் அது ஒரு சம்பவம்.

14ஆம் நம்பர் அறையின் வாளி காணவில்லை. அவ்வளவுதான் கதை. விசாரிக்கிறவர் மூன்றாம் மாடியில் தங்கியிருக்கும் ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். பதில் சொல்கிறவர் அறுபத்தோரு வயதிலும் எல்லோரும் ரூம்பாய் என்றே கூப்பிடும் மனிதர்.

"வாளி எப்பப்பா காணாம போச்சு?"

"தண்ணி இல்லாதப்போ சார்."

"தண்ணி எப்ப இல்ல?"

"வாளி இருந்தப்போ."

ஹெட்மாஸ்டர் இதை நோட்டில் எழுதிக்கொள்கிறார். அங்கேதான் சிரிப்பு, பதிலில் இல்லை, அவர் எழுதிக்கொள்வதில். எங்கள் முதல் வரைவில் அவர் ரூம்பாய் தலையில் தட்டி "இன்னா நக்கலா?" என்று கேட்டார். படித்துப் பார்த்தோம்; காட்சி செத்துக் கிடந்தது. யாராவது ஒருவர் இது வேடிக்கை என்று கண்டுபிடித்துவிட்டால் பார்க்கிறவனுக்கு வேலையே இல்லாமல் போகிறது. அந்த வரியை அடித்துவிட்டோம். உங்கள் கதையிலும் "இன்னா நக்கலா" வரிகளைத் தேடிப் பிடித்து அடியுங்கள்.

வசனத்துக்கு ஒரு குறுக்கு வழி: மனு எழுதுகிற தமிழ். நம் தாலுகா ஆபீஸ் வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதுகிறவர்களிடம் இருக்கிற நடைக்கு ஈடு இல்லை. "மேற்படி வாளி நீல நிறமுடையது. கைப்பிடி இடதுபுறம் சற்றே விலகியது. கடைசியாக நின்ற நிலையில் காணப்பட்டது." இதை ஒரு அம்மா இட்லி ஊற்றிக்கொண்டே ஒப்பித்தால் போதும், நீங்கள் ஜோக் எழுத வேண்டாம்.

ஆட்கள்: நடிக்கத் தெரியாதவர்களே மேல்

ஏழு பேர் போதும். அதற்கு மேல் போனால் யார் யார் என்று பார்க்கிறவருக்கு மறந்துவிடும். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு பொருள், ஒரே ஒரு கவலை, ஒரு நடை கொடுங்கள். எங்கள் மேனேஜருக்குத் தடித்த ரெஜிஸ்டர், கையெழுத்து விட்டுப்போன ஒரு பக்கம் பற்றிய கவலை, பக்கவாட்டு நடை. குடியாத்தத்துக்காரரான வாட்ச்மேனுக்கு டார்ச், பகலிலும் எரியும்.

அசாமிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்தவர் ஒருவரைச் சேர்த்தால் ஒரு எச்சரிக்கை. அவர் தமிழ் பேசத் தடுமாறுவதை ஜோக்காக்காதீர்கள், ரொம்ப மலிவு. எங்கள் படத்தில் அவருக்கு நாலு தமிழ்ச் சொல்தான் தெரியும், ஆனால் வாளி எங்கே என்பது அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். யாரும் கேட்கவில்லை.

யாரைத் தேடுவது? நாடகம் போட்டவர்களைத் தேடாதீர்கள். அவர்களுக்குப் புருவத்தைக் கட்டுப்படுத்த வராது. கவுண்டருக்குப் பின்னால் வருடக்கணக்கில் உட்கார்ந்தவர்களைப் பிடியுங்கள். ஓட்டல் கேஷியர், ஜெராக்ஸ் கடைக்காரர், ரிட்டையர்டு கண்டக்டர். "சில்லறை இல்ல" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொன்ன முகத்துக்கு எந்தப் பயிற்சியும் தேவையில்லை. எங்கள் ஹெட்மாஸ்டர் நிஜத்தில் மருந்துக்கடையில் பில் போடுகிறவர். முதல் டேக்கிலேயே ஓகே.

ஃபிரேம்: மேஸ்திரியிடம் ரசமட்டம் கடன் வாங்குங்கள்

இதில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள், ஏனென்றால் இந்த வகையின் பாதி இங்கேதான் இருக்கிறது. ஆள் சிரிக்கவில்லை, அவரைச் சுற்றியுள்ள எல்லாம் நூல் பிடித்த மாதிரி நிற்கிறது. அந்த ஒழுங்குக்கு நடுவில் ஒரு வாளி இல்லை. கோணலாக எடுத்த ஃபிரேமில் வாளி இல்லாதது யாருக்கும் தெரியாது.

நாங்கள் செய்தது இது. சுவரின் அகலத்தை டேப் வைத்து அளந்து, நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு. கோட்டுக்கு நேர் எதிரே ஸ்டாண்ட். அப்புறம் ஒரு சணல் கயிறு: காமிராவிலிருந்து சுவரின் இடது மூலைக்குப் பிடித்து முடிச்சுப் போடுங்கள், அதே கயிறை வலது மூலைக்குக் கொண்டுபோங்கள். முடிச்சு சரியாக மூலையைத் தொட்டால் காமிரா நடுவில் இருக்கிறது. தொடவில்லையென்றால் ஸ்டாண்டை நகர்த்துங்கள். போனின் மேல் ரசமட்டத்தை வைத்துக் குமிழி நடுவுக்கு வரும்வரை காலைச் சரிசெய்யுங்கள். கடைசியாகத் திரையில் கட்டக் கோடுகளைப் போட்டு, சுவரும் தரையும் சேருகிற வரி ஃபிரேமின் அடிவிளிம்புக்கு இணையாக ஓடுகிறதா என்று பாருங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் எங்களுக்குக் கோணலாகவே தெரிந்தது. அரை மணி நேரம் ஸ்டாண்டோடு சண்டை போட்டோம். ரசமட்டத்தைக் கொடுத்த மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, தூக்குகுண்டைச் சுவரோரமாகத் தொங்கவிட்டார். கொஞ்ச நேரம் பார்த்தார். "செவுருதான் சாஞ்சிகினு கீது" என்றார். பழைய கட்டிடங்களில் இது சகஜம். ஏதாவது ஒரு கோட்டை, கதவு நிலையையோ தரை டைல்ஸையோ, நம்பி அதற்கு ஏற்ப வையுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். (மேஸ்திரியின் முகத்தைப் பார்த்த பிறகு அவரையும் நடிக்க வைத்தோம். எட்டாவது ஆள். மேலே ஏழு என்று சொன்னதை மீறினோம்.)

போனின் அகலக் காமிராவைத் தொடாதீர்கள். ஓரத்தில் நிற்கிறவர் நீண்டு விகாரமாகிவிடுவார். சாதாரணக் காமிராவிலேயே பின்னால் போங்கள். அறை சின்னதென்றால் எதிர்க் கதவைத் திறந்து வராந்தாவிலிருந்து எடுங்கள். கதவு நிலையே இன்னொரு சட்டமாக அமைந்துவிடும். திரையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது வெள்ளைச் சட்டையில் நுழையும்போதெல்லாம் அறை இருட்டும்.

ஃபிரேமின் வடிவத்தையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். 2014இல் வந்த தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டலில் மூன்று காலங்களுக்கு மூன்று ஃபிரேம் வடிவம் உண்டு. 1930களின் காட்சிகள் பழைய படங்களைப் போல ஏறக்குறையச் சதுரத்தில் வரும். நாங்கள் படம் முழுக்க 4:3 வைத்தோம். லாட்ஜ் அறைக்கு அதுதான் பொருந்தியது; நாலு பேர் வரிசையில் நின்றால் சரியாக நிறைந்தது.

ஆட்கள் நகரும்போது இரண்டே திசை: சுவருக்கு இணையாக இடம் வலம், அல்லது நேராகக் காமிராவை நோக்கி. குறுக்கே நடப்பது கிடையாது. தேவைப்பட்டால் தரையில் சாக்பீஸ் கோடு போடுங்கள்.

நிறம்

எங்களுக்கு லாட்ஜ் சுவரே பிஸ்தா பச்சையில் கிடைத்தது. அதோடு சந்தன நிறம், கொஞ்சம் காவிச் சிவப்பு. நீலம் வாளிக்கு மட்டும். வேறு எதிலும் நீலம் வரக்கூடாது என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தோம். அப்போதுதான் கடைசியில் ஃபிரேமின் ஒரு மூலையில் துளி நீலம் எட்டிப் பார்த்தால் பார்க்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

வாட்ச்மேன் நீலக் கட்டம் போட்ட லுங்கியில் வந்தார். வேறு இல்லை என்றார். படம் முழுக்க அவர் மேஜைக்குப் பின்னாலேயே நிற்பது அதனால்தான். நெருக்கமான கோடு, கட்டம் போட்ட துணி போன் காமிராவில் அலை அலையாக மினுக்கும். அதற்காகவும் லுங்கியை ஒதுக்குவது நல்லது.

அறிமுகம்: கூத்திலிருந்து ஒரு போர்வை

நிறைய ஆட்கள் இருக்கும்போது ஒவ்வொருவரையும் எப்படி அறிமுகப்படுத்துவது என்று குழம்புவீர்கள். பெயரைத் திரையில் போடலாம். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். நம் பக்கம் இதற்கு வேறு வழி இருக்கிறது. தெருக்கூத்துக்குப் பேர் போன செய்யாறு பக்கத்துப் புரிசை, 1989இல் ஜில்லாவைப் பிரிக்கிற வரை நம் வட ஆற்காட்டில்தான் இருந்தது. தெருக்கூத்தில் ராஜா வேஷம் நேராக வந்து நிற்காது. இரண்டு பேர் ஒரு திரையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பின்னாலிருந்து பாட்டு வரும், கிரீடத்தின் நுனி தெரியும், காலில் சலங்கை தெரியும். முழு ஆள் தெரிவதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும்.

நாங்கள் லாட்ஜ் போர்வையைப் பிடித்தோம். இரண்டு பேர் ஆளுக்கொரு முனை. மேலே மேனேஜரின் வழுக்கை மட்டும் தெரியும். கீழே செருப்பு. ஆறு நொடி. போர்வை இறங்கும். மேனேஜர் ரெஜிஸ்டரோடு நிற்பார். எட்டுப் பேருக்கும் இதே மாதிரி. வாளிக்கும் ஒரு முறை போர்வை இறக்கினோம். பின்னால் ஒன்றும் இல்லை.

பின்னணி இசைக்கும் கூத்துக்கே போங்கள். ஹார்மோனியமும் முகவீணையும் வாசிக்கிறவர் ஒருவரைப் பிடித்து நாலு சின்னத் துண்டு பதிவு செய்துகொண்டால் போதும். சினிமாப் பாட்டைப் போட்டால் யூடியூபில் உரிமைப் பிரச்சினை வரும்.

எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது

கோட்டை மதிலும் அகழியும் பார்த்தவுடன் கை அரிக்கும். நேர் நேரான கருங்கல், சமச்சீரான வாயில், தண்ணீரில் பிரதிபலிப்பு. ஆனால் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சும்மா போனில் படம் எடுப்பது வேறு. ஸ்டாண்ட் போட்டு ஆட்களை நிறுத்திப் படப்பிடிப்பு நடத்த அனுமதி வேண்டும். காட்பாடி ஜங்ஷன் பிளாட்பாரத்துக்கு ரயில்வே அனுமதி வேண்டும். ஆஸ்பத்திரிக்குள் எடுக்கவே எடுக்காதீர்கள். வாசலில் கூட, நோயாளிகள் முகம் விழாத பக்கமாகத் திரும்பிக்கொள்ளுங்கள். அவர்கள் நம் படத்தில் நடிக்க வரவில்லை.

பாலாற்று மணல், வீட்டு மொட்டை மாடி, தெரிந்தவரின் லாட்ஜ், தறி நெய்கிற ஆரணி உறவினர் வீடு: இதுபோன்றவை போதும். கேட்டு, எழுதி வாங்கி, காலி செய்யும்போது பெருக்கிவிட்டு வாருங்கள்.

படப்பிடிப்பு நாள்

ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் ஊரில் காலை ஆறிலிருந்து ஒன்பதரைக்குள் வெளிவேலையை முடித்துவிடுங்கள். அதற்கப்புறம் மலையிலிருந்து வருகிற சூட்டில் முகம் வேர்த்து மின்னும். மின்னுகிற முகம் அமைதியாகத் தெரியாது. அறைக்குள் இன்னொரு தொல்லை: சத்தத்துக்காக ஃபேனை நிறுத்த வேண்டும். டேக்குக்கு டேக் ஃபேன் போட்டு, ஒரு துண்டோடு ஒருவரை நிறுத்திவையுங்கள்.

டியூப்லைட் அடியில் எடுத்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு முறை துடிக்கிறது. காமிரா ஆப்பில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 வைத்தால் பட்டை போய்விடும்.

ஆட்கள் சிரித்துவிடுவார்கள். கண்டிப்பாகச் சிரிப்பார்கள். திட்டிப் பயனில்லை, திட்டினால் இன்னும் சிரிப்பு வரும். எங்களுக்கு வேலை செய்தவை இரண்டு. ஒன்று, எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்காமல் காதைப் பார்ப்பது. காமிராவுக்கு வித்தியாசம் தெரியாது. இன்னொன்று, எதிராளி பேசும்போது மனதுக்குள் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போவது. தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது... அந்தக் கணக்குப் போடுகிற முகம் இருக்கிறதே, அதுதான் நமக்கு வேண்டிய முகம். "சோகமா பாருங்க" என்றால் நடிப்பார்கள். "கழிங்க" என்றால் நடிக்க நேரமிருக்காது.

ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னும் பின்னும் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணச் சொல்லுங்கள். அந்த இடைவெளியை அப்புறம் வெட்டிக்கொள்ளலாம். எடுக்காததை ஒட்ட முடியாது.

காமிராவுக்குப் பின்னால் இருக்கிறவரும் சிரிக்கக் கூடாது. இதைச் சொல்லக் காரணம் நான்தான். மேஸ்திரி ரெஜிஸ்டரின் மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழியைப் பார்த்து, "கணக்கு சாஞ்சிகினு கீது" என்று சொன்ன டேக் இரண்டாவது முறை வரவே இல்லை. முதல் டேக்கில் அவர் சொன்ன உடனே என் சிரிப்பு சத்தமாக விழுந்திருக்கிறது. வேறு வழியில்லாமல் அந்தச் சிரிப்பை அடுத்த அறை நோயாளியின் இருமலாக மாற்ற மூன்று ராத்திரி ஆனது.

ஒலிக்கு இன்னொரு போனை ஆட்களுக்கு அருகில், ரெஜிஸ்டருக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் முப்பது நொடி வெறும் அறையின் சத்தத்தையும் எடுத்து வையுங்கள். வெட்டி ஒட்டும்போது வெட்டின இடத்தை மூட அது உதவும்.

வெட்டுவது

இலவச ஆப் எதுவானாலும் சரி. ஜூம் வேண்டாம், "டொய்ங்" சத்தம் வேண்டாம், ஆள் தலைக்கு மேல் கேள்விக்குறி வேண்டாம். ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்கு நேரடியாகப் போங்கள். வசனம் முடிந்த பிறகு முகத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதுதான் மொத்த வேலையும். ஒரு நொடி குறைந்தால் ஜோக் விழாது, இரண்டு நொடி கூடினால் போன் ஹேங் ஆகிவிட்டதோ என்று தோன்றும். படம் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் போட்டுக் காட்டி, நீங்கள் திரையைப் பார்க்காமல் அவரைப் பாருங்கள்.

அத்தியாயத் தலைப்புகளைக் கம்ப்யூட்டர் எழுத்தில் போடுவதைவிட, கடைப் பலகை எழுதுகிற பெயிண்டரிடம் தகரத்தில் எழுதி வாங்கிப் படம் பிடிப்பது எவ்வளவோ மேல். பிளெக்ஸ் வந்த பிறகு அவர்களுக்கு வேலை குறைவு. எங்களுக்கு எழுதிக் கொடுத்தவர் "வாளி" என்ற சொல்லுக்கு நிழல் வைத்துக் கொடுத்தார், நாங்கள் கேட்கவேயில்லை.

போட்டுக் காட்டுவது

யூடியூபில் ஏற்றும் முன் நடித்தவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். நாங்கள் மொட்டை மாடியில் அதே லாட்ஜ் போர்வையைக் கட்டித் திரையாக்கினோம். எட்டுப் பேரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். இட்லி அம்மா தன் முகத்தைத் திரையில் பார்த்ததும் பக்கத்து வீட்டுக்காரியின் தோளில் விழுந்து சிரித்தார். மேஸ்திரி சிரிக்கவில்லை, போர்வையைக் கட்டியிருந்த கம்பம் சாய்ந்திருப்பதாகச் சொன்னார்.

லாட்ஜ் மேனேஜர், நிஜ மேனேஜர், கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரை பார்த்தார். எல்லோரும் கைதட்டி முடித்த பிறகு என்னிடம் வந்தார்.

"படம் நல்லா கீது தம்பி," என்றார். "எங்க வாளிய எப்ப குடுப்ப?"